இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய போர்ஷேயை வாங்கலாமா?

அமெரிக்காவின் லாங் ஐலண்டில் பள்ளி அறிவியல் ஆசிரியராக இருந்த இர்வ் கார்டன் 1966இல் ஒரு வால்வோ பி1800எஸ் வாங்கினார். இரண்டே கதவுகள், நீண்ட மூக்கு, தாழ்ந்த கூரை என்று அந்தக் காலத்தில் பலரும் ஆசையோடு பார்த்த ஸ்போர்ட்ஸ் கார் அது. வீட்டிலிருந்து பள்ளிக்குப் போய்வர நாளுக்கு 125 மைல். விடுமுறை வந்தால் ஊர் ஊராகப் பயணம். 2013இல் அலாஸ்காவில் அந்த வண்டி 30 லட்சம் மைலைத் தொட்டது. கிலோமீட்டரில் 48 லட்சம். ஒரே உரிமையாளர் ஒரே காரில் ஓடிய மிக அதிக தூரம் என்று கின்னஸ் அதைப் பதிவுசெய்திருக்கிறது. அந்த எஞ்சினைப் பிரித்து வேலை பார்க்கும் தேவை முதன்முறையாக வந்தது ஏறத்தாழ 6,80,000 மைலுக்குப் பிறகுதான்.

அதே அமெரிக்கச் சாலைகளில் 50,000 கிலோமீட்டரைக்கூடத் தாண்டாத போர்ஷே பாக்ஸ்டர்கள் எஞ்சின் உடைந்து நின்றிருக்கின்றன. உரிமையாளர்கள் அவற்றைக் கண்ணும் கருத்துமாகத்தான் வைத்திருந்தார்கள். மழையில் எடுக்கவில்லை, குளிர்காலம் முழுக்க உறைபோட்டுக் கொட்டகையில் நிறுத்தினார்கள், வெயில் வந்தால் ஞாயிற்றுக்கிழமை ஒரு சுற்று. அப்படிப் பாதுகாத்த வண்டி போய்விடுகிறது, தினமும் ஓடிய வண்டி நிலைக்கிறது. இது ஏன் என்று புரிந்தால், பழைய ஸ்போர்ட்ஸ் காரை எந்தக் கணக்கை வைத்து வாங்குவது என்பதும் புரியும். கனடாவிலும் ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் வாழும் தமிழர்கள் பலருக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வி அல்ல. இருபது வயதைக் கடந்த பாக்ஸ்டர் அங்கெல்லாம் மாதச் சம்பளக்காரர் கைக்கு எட்டும் விலைக்கு இறங்கி வந்துவிட்டது.

முதலில் மீட்டரில் தெரியும் எண்ணைப் பார்ப்போம். 1,60,000 கிலோமீட்டர், அதாவது ஒரு லட்சம் மைல் ஓடிய இரண்டு பாக்ஸ்டர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று பெரும்பாலும் நெடுஞ்சாலையில், சராசரியாக மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடியது. அதன் எஞ்சின் வேலை செய்தது 2,000 மணி நேரம். நிமிடத்துக்கு 2,800 சுற்று என்று வைத்தால் மொத்தம் சுமார் 34 கோடி சுற்றுகள். மற்றொன்று நகர நெரிசலில் சராசரி 25 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தது. அதற்கு 6,400 மணி நேரம். நிமிடத்துக்கு 1,800 சுற்று என்று குறைத்துப் போட்டாலும் 69 கோடி வருகிறது. மீட்டர் இரண்டுக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும். ஆனால் ஒரு எஞ்சின் மற்றதைப்போல இரண்டு மடங்கு சுழன்றிருக்கிறது. இன்னொரு கணக்கு இதைவிட முக்கியம். ஒருமுறை கிளப்பினால் 100 கிலோமீட்டர் போகும் வண்டி இந்தத் தூரத்தை 1,600 முறை கிளம்பி முடித்துவிடும். எட்டு எட்டு கிலோமீட்டராக ஓடும் வண்டி 20,000 முறை கிளம்பியிருக்கும்.

கிளம்பும் நேரம் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு விடை 1883இல் லண்டனில் கிடைத்தது. பொசாம்ப் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சுகளின் பேரிங்குகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். எண்ணெய் ஊற்றுவதற்காகப் பேரிங்கின் மேற்பகுதியில் ஒரு துளை போட்டார். அச்சு சுழலத் தொடங்கியதும் அந்தத் துளை வழியாக எண்ணெய் வெளியே பொங்கியது. தக்கையால் அடைத்தார், தக்கை வெளியே வந்துவிட்டது. மரக்கட்டையை அடித்து இறுக்கினார். அதையும் எண்ணெய் தள்ளிவிட்டது. பிறகு அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தபோது, சுமையின் சராசரி அழுத்தத்தைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் காட்டியது. மூன்று ஆண்டுகள் கழித்து ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்கான கணிதத்தை எழுதினார். சுழலும் தண்டு தன்னோடு எண்ணெயை இழுத்து, குறுகும் இடுக்குக்குள் ஆப்புபோலச் செலுத்துகிறது. மழைநீர் தேங்கிய சாலையில் வேகமாகப் போகும் டயரைத் தண்ணீர் தூக்கிவிடுவது போல, அந்த எண்ணெய் தண்டையே தூக்கி நிறுத்துகிறது. உலோகம் உலோகத்தைத் தொடுவதில்லை.

ஆகவே, சரியான சூட்டில் சீராகச் சுழலும் எஞ்சினின் கிராங்க் பேரிங்குகளில் தேய்மானம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. இடையில் இருப்பது ஒரு சில மைக்ரான் தடிமனுள்ள எண்ணெய்ப் படலம். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. அந்தப் படலம் பிறக்க வேகம் வேண்டும். நின்றிருக்கும் எஞ்சினில் அது இல்லை. சாவியைத் திருப்பும் முதல் சில நொடிகளில் உலோகத்தின் மேல் உலோகம் உரசுகிறது. கார்டனின் வால்வோவில் இந்த நொடிகள், ஓடிய தூரத்தோடு ஒப்பிட்டால், மிக மிகக் குறைவு.

அடுத்தது தண்ணீர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்வதால் வருவது அது. பெரும்பகுதி ஆவியாகப் புகைக்குழாய் வழியே போய்விடும். சிறு பங்கு பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி எஞ்சினின் அடிவயிற்றுக்குள் இறங்கும். ஆயில் நன்றாகச் சூடேறியிருந்தால் அந்த ஈரம் ஆவியாகி வெளியேறும். குளிர்ந்த நாட்டில் பத்து நிமிடம் ஓட்டி நிறுத்திவிட்டால் ஆயில் சூடாகவே செய்யாது. ஈரம் ஆயிலோடு கலந்து தங்கிவிடும். எரியாத பெட்ரோலும் அதில் சேரும். எரிதலில் உண்டாகும் வேதிப்பொருள்கள் அந்த ஈரத்தோடு சேர்ந்து ஆயிலை மெல்ல அமிலமாக்கும். அப்படிப்பட்ட ஆயிலில் ஊறிக்கொண்டு ஆறு மாதம் கொட்டகையில் நிற்பதுதான் "குறைவாக ஓடிய, நன்றாகப் பராமரித்த" வண்டிகள் பலவற்றின் உண்மையான வாழ்க்கை.

இனி பாக்ஸ்டரின் கதைக்கு வரலாம். 1996இல் பாக்ஸ்டரையும், மறு ஆண்டு 996 என்று குறிக்கப்படும் புதிய 911ஐயும் போர்ஷே வெளியிட்டது. அதுவரை 911 எஞ்சின்கள் காற்றால் குளிர்ந்தவை. இவை இரண்டிலும் வந்தது தண்ணீரால் குளிரும் எம்96 என்ற ஆறு சிலிண்டர் எஞ்சின். இதில் கிராங்கின் சுழற்சியை வாங்கி, சங்கிலிகள் வழியாகக் கேம் ஷாஃப்ட்டுகளுக்குக் கொண்டுபோகும் ஒரு இடைத்தண்டு உண்டு. அந்தத் தண்டின் ஒரு முனையைத் தாங்குவது ஒரு சிறிய பால் பேரிங். இரண்டு பக்கமும் சீல் வைத்து, உள்ளே கிரீஸ் அடைத்து, ஆயுள் முழுதும் கவனிப்பு தேவையில்லை என்று வைத்துவிட்ட பேரிங் அது.

சிக்கல் அந்த சீலில்தான். ஆண்டுக்கணக்கில் சூடான ஆயிலில் இருந்து சீல் இறுகிப்போகும். ஆயில் உள்ளே கசியும், கிரீஸைக் கழுவிவிடும். ஆனால் போன ஆயில் புது ஆயிலோடு கலந்து ஓட வழியில்லை, உள்ளேயே தேங்கும். எஞ்சின் ஆயிலை நாம் எத்தனை முறை மாற்றினாலும் அந்தக் குழிக்குள் இருப்பது பழைய ஆயில்தான். உருளும் குண்டுக்கும் அது ஓடும் தடத்துக்கும் நடுவே இருக்கவேண்டிய படலமோ கிராங்க் பேரிங்கில் இருப்பதைவிடவும் மெல்லியது. ஒரு மைக்ரானுக்கும் கீழே. கெட்ட ஆயிலில் அது கிழிகிறது. குண்டின் மேற்பரப்பில் சிறு சிறு பள்ளங்கள் விழுகின்றன, துகள்கள் உதிர்கின்றன, ஒருநாள் தண்டு தன் இடத்தைவிட்டு ஆடுகிறது. சங்கிலி பிசகினால் வால்வுகளும் பிஸ்டன்களும் மோதிக்கொள்ளும். அத்தோடு எஞ்சின் முடிந்தது.

தொடக்க கால எஞ்சின்களில் இந்தப் பேரிங்குக்கு இரண்டு வரிசைக் குண்டுகள் இருந்தன. 2000ஆம் ஆண்டுவாக்கில் ஒற்றை வரிசைக்கு மாறினார்கள். அதன்பின்தான் புகார்கள் குவிந்தன. அமெரிக்காவில் உரிமையாளர்கள் சேர்ந்து தொடுத்த வழக்கு 2013இல் சமரசத்தில் முடிந்தது; 2001 முதல் 2005 வரையிலான மாடல்களுக்கு அது பொருந்தியது. அந்த வழக்கையொட்டிப் பரவலாக மேற்கோள் காட்டப்படும் கணக்கில், ஒற்றை வரிசைப் பேரிங்குகளில் சுமார் 8 சதவீதம் பழுதாகியிருக்கின்றன. இரட்டை வரிசையில் 1 சதவீதத்துக்கும் குறைவு. பின்னர் பெரிய ஒற்றை வரிசைப் பேரிங் வந்தது. அது வலுவானது. ஆனால் எஞ்சின் கேஸைப் பிரிக்காமல் அதை வெளியே எடுக்க முடியாது. 2009 மாடலில் வந்த புதிய எஞ்சினில் இந்த இடைத்தண்டே இல்லை. எம்96 காலத்து 911 டர்போவிலும் ஜிடி3யிலும் இருந்த, ஹான்ஸ் மெட்ஸ்கர் பெயரால் அறியப்படும் எஞ்சினிலும் இந்த பால் பேரிங் கிடையாது. பழைய போர்ஷே தேடுகிறவர்கள் மாடல் ஆண்டைக் கேட்டுவிட்டுத்தான் கிலோமீட்டரைக் கேட்கவேண்டும்.

இந்த எஞ்சின்களை நாள்தோறும் பிரித்துப் பார்க்கும் மெக்கானிக்குகள் பலர், அதிகம் ஓடிய வண்டிகளைவிடக் குறைவாக ஓடி அதிகம் நின்ற வண்டிகளில்தான் இந்தப் பழுதைக் கூடுதலாகப் பார்ப்பதாகச் சொல்கிறார்கள். இங்கே எச்சரிக்கையாக இருக்கவேண்டும். இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டிகளைப் பார்க்கும்போது, பிழைத்து வந்தவற்றை மட்டுமே பார்க்கிறோம். 60,000த்தில் எஞ்சின் போனவை பழைய இரும்புக்குப் போய்விட்டன. அதனால் "அதிகம் ஓட்டினால் பேரிங் பிழைக்கும்" என்று இந்தப் பார்வையை மட்டும் வைத்து நிரூபித்துவிட முடியாது. ஆனால் வாங்குகிறவரின் கேள்வி வேறு. அவருக்குத் தேவை காரணம் அல்ல, தன் முன்னால் நிற்கும் வண்டி நாளையும் ஓடுமா என்பதுதான். தயாரிப்புக் குறையால் சீக்கிரமே சாகக்கூடிய பாகங்கள் அதிகம் ஓடிய வண்டியில் இருந்திருந்தால் ஏற்கெனவே செத்திருக்கும். தவிர, அவ்வளவு தூரம் ஓடிய வண்டியில் ஒருமுறையாவது கிளட்ச் மாற்றியிருப்பார்கள். கிளட்ச்சுக்காக கியர்பாக்ஸை இறக்கினால் இந்தப் பேரிங் கண்ணெதிரே வந்துவிடும். விவரம் தெரிந்த மெக்கானிக் அதையும் சேர்த்தே மாற்றியிருப்பார். அந்த ஒரு ரசீது இருக்கும் 2,00,000 கிலோமீட்டர் பாக்ஸ்டரை, அந்த ரசீது இல்லாத 40,000 கிலோமீட்டர் பாக்ஸ்டரைவிட நான் மேலாக மதிப்பேன்.

எஞ்சினுக்கு வெளியே காலம் செய்யும் சேதத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். ரப்பர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆக்சிஜன் பட்டு இறுகும். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2314 என்றிருந்தால் 2014ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. பட்டன் தேயாமல் புதிதுபோல இருந்தாலும் பத்து வயதான டயரில் வேகமாகப் போவது உயிரோடு விளையாடுவது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் ஏறியபின் 155 டிகிரி வரை இறங்கலாம். மலைப்பாதை இறக்கத்தில் அது கொதித்தால் பிரேக் மிதி தரைக்குப் போய்விடும். ஃபெராரி எஃப்355இல் கேம் பெல்ட்டுக்குக் கிலோமீட்டர் கணக்கைவிட ஆண்டுக் கணக்கே முந்திக்கொள்ளும். அதை மாற்ற எஞ்சினையே இறக்கவேண்டும். ஓடாத ஃபெராரிக்கும் அந்தச் செலவு தப்பாது. பாக்ஸ்டரை மரத்தடியில் நிறுத்தி வைத்தால் மடக்குக் கூரையின் வடிகால்களில் இலை அடைத்து, மழைநீர் உள்ளே இறங்கி, இருக்கைக்கு அடியிலுள்ள மின்னணுப் பெட்டியைக் கெடுத்துவிடும்.

அதிக ஓட்டம் தீங்கே செய்யாது என்று நான் சொல்லவில்லை. கியர்பாக்ஸின் சிங்க்ரோ வளையங்கள் ஒவ்வொரு மாற்றத்திலும் தேய்கின்றன. சக்கர பேரிங், சஸ்பென்ஷன் புஷ், ஷாக் அப்சார்பர் எல்லாம் மேடுபள்ளங்களை எண்ணிக்கொண்டே வருகின்றன. இவற்றுக்கு விலை உண்டு, மாற்று உண்டு; வண்டியைக் கொன்றுவிடாது. பனிக்காலத்தில் உப்பு தூவும் ஊர்களில் ஆண்டு முழுதும் ஓடிய வண்டிக்குத் துரு ஒரு தனிப் பகை. போர்ஷே 1975இலிருந்தே 911இன் உடற்கூட்டுக்குத் துத்தநாகப் பூச்சு கொடுத்து வருவதால் இதில் பல வண்டிகளைவிடத் தேவலை. ஆனாலும் பிரேக் குழாய்களையும் ரேடியேட்டர்களையும் அடியில் படுத்துப் பார்க்காமல் விடக்கூடாது. 996இன் பெரிய எஞ்சின்களில் சிலிண்டர் சுவரில் கீறல் விழும் நோயும் உண்டு. ஸ்பார்க் பிளக் துளை வழியாகவோ, அடியிலிருந்தோ சிறு கேமரா விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். அதற்கு விற்பவர் சம்மதிக்காவிட்டால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

எனக்கு உண்மையிலேயே அச்சம் தருவது கிலோமீட்டர் அல்ல, முரட்டுக் கை. காரணம் உலோகச் சோர்வு. அதைப் பற்றி 1850களிலும் 60களிலும் ரயில் அச்சுகளை வைத்து ஆராய்ந்தவர் ஜெர்மானியரான ஆகஸ்ட் வோலர். ஒரே அடியில் உடையாத அச்சு, அதைவிடச் சிறிய விசை லட்சக்கணக்கான முறை திரும்பத் திரும்ப விழுந்தால் உடைகிறது என்று காட்டினார். கூடவே இன்னொன்றையும் கண்டார்: எஃகுக்கு ஒரு வரம்பு உண்டு. விசை அந்த வரம்புக்குக் கீழே இருக்கும்வரை எத்தனை கோடி சுற்றானாலும் எஃகு ஏறத்தாழத் தாங்கிவிடும். அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான வரம்பு இல்லை. கிராங்க், கனெக்டிங் ராட் போன்றவற்றை வடிவமைப்பவர்கள் எஃகின் அந்த வரம்புக்குள் நின்றே கணக்குப் போடுகிறார்கள். அந்த நெடுஞ்சாலை பாக்ஸ்டரின் 34 கோடி சுற்றைப்போலப் பல மடங்கைக் கார்டனின் வால்வோ தாங்கிய ரகசியம் அங்கே இருக்கிறது.

வரம்பைத் தாண்டுவது எளிது. பிஸ்டனை ஒவ்வொரு முறையும் நிறுத்தித் திருப்ப வேண்டிய விசை, சுழற்சி வேகத்தின் இருமடியாக ஏறும். 4,000 சுற்றிலிருந்து 8,000க்குப் போனால் விசை நான்கு மடங்கு. ஹோண்டா எஸ்2000இன் முதல் எஞ்சின் 9,000 சுற்று வரை போகும். அதன் பிஸ்டனின் வீச்சு 84 மில்லிமீட்டர். அந்த வேகத்தில் பிஸ்டனின் சராசரி வேகமே நொடிக்கு 25 மீட்டர். எஞ்சின் தானாக அந்த எல்லையைத் தாண்டாமல் கணினி தடுத்துவிடும். ஆனால் மூன்றாம் கியரில் சீறிக்கொண்டிருக்கும்போது நான்காவதற்குப் போடுவதற்குப் பதில் கை தவறி இரண்டாவதில் போட்டால், சக்கரங்கள் எஞ்சினைச் சுழற்றும். கணினியால் அதைத் தடுக்க முடியாது. அந்த ஒரு நொடியில் வால்வு ஸ்பிரிங்குகள் பின்தங்கும், கனெக்டிங் ராட் போல்ட்டுகள் நீளும். வண்டி அன்று உடையாமல் ஆறு மாதம் கழித்து அடுத்த உரிமையாளரிடம் உடையலாம்.

நல்லவேளையாகப் போர்ஷேயின் எஞ்சின் கணினி இதைக் குறித்துவைக்கிறது. எல்லை மீறிய சுழற்சிகள் எத்தனை, கடைசியாக அது நடந்தது எஞ்சினின் எத்தனையாவது மணி நேரத்தில் என்று கருவியைச் செருகிப் படிக்கலாம். அதே கணினியில் எஞ்சின் மொத்தம் ஓடிய மணி நேரமும் இருக்கிறது. மீட்டரிலுள்ள கிலோமீட்டரை அந்த மணி நேரத்தால் வகுத்தால் சராசரி வேகம் வரும். 60க்கு மேல் வந்தால் நெடுஞ்சாலையில் வாழ்ந்த வண்டி. 25, 30 என்றால் நகரத்தில் உழன்றது. பத்துக்குக் கீழே வந்தால் மீட்டரில் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்பட நியாயம் இருக்கிறது. அமெரிக்காவில் ஆண்டுக்கு 4,50,000க்கும் மேற்பட்ட வண்டிகள் திருத்திய மீட்டரோடு விற்கப்படுவதாக அந்நாட்டின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் மதிப்பிட்டிருக்கிறது. பிரிட்டனில் ஆண்டுதோறும் நடக்கும் எம்ஓடி சோதனையில் பதிவான மீட்டர் எண்ணை, வண்டி எண்ணைக் கொடுத்து அரசு இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். ஜெர்மனியில் சோதனைச் சான்றுகளில் அது அச்சாகியிருக்கும். பழைய சான்றுகளைக் கேட்டு வாங்கி வரிசையாக அடுக்கிப் பாருங்கள்; எண் எங்காவது பின்னால் போயிருந்தால் தெரிந்துவிடும்.

இவற்றோடு ஆயில் ஃபில்டரை அறுத்து மடிப்புகளை விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். உலோகத் துகள் மினுங்கினாலோ கறுப்பு பிளாஸ்டிக் சிதறல்கள் தெரிந்தாலோ அந்தச் சிறிய பேரிங் பேசத் தொடங்கிவிட்டது என்று பொருள். ஆயில் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பினால் இரும்பு, செம்பு, அலுமினியம் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். வண்டியின் விலையோடு ஒப்பிட்டால் இந்தச் சோதனைகளின் செலவு மிகச் சிறிது. ஆசைப்பட்ட கார் கண்முன் நிற்கும்போது இதையெல்லாம் தள்ளிப்போடத்தான் மனம் சொல்லும். அந்த அரை நாளைத் தயவுசெய்து செலவிடுங்கள்.

ஆண்டுக்கு ஒருமுறையாவது ஆயில் மாற்றிய ரசீதுகள், பேரிங்கும் கிளட்ச்சும் மாற்றிய சான்று, சுத்தமான சுழற்சிப் பதிவு ஆகியவை கையில் இருந்தால், இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய பாக்ஸ்டரை வாங்குங்கள். விலை போக, முதல் ஆண்டுப் பழுதுகளுக்கென்று ஒரு தொகையைத் தனியே எடுத்துவைக்க முடியாவிட்டால் இப்போது வேண்டாம். பதிவேடு இல்லாத வண்டியை, மீட்டர் 30,000 காட்டினாலும், விட்டுவிடுங்கள். வாங்கியபின் அதைக் கொட்டகையில் பூட்டாதீர்கள். வாரம் ஒருமுறையாவது ஆயில் நன்றாகச் சூடேறும்வரை, குறைந்தது அரை மணி நேரம் ஓட்டுங்கள். எஞ்சின் சூடாகும்வரை 3,000 சுற்றைத் தாண்டவேண்டாம். சூடான பிறகு தாராளமாகத் தாண்டலாம், அதற்காகத்தான் அதைச் செய்திருக்கிறார்கள்.